யானை ‘மிதித்தது’ என்றே இருக்கட்டும்

கேள்வி: வணக்கம் சார். சிறுமுகைப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் ராத்திரியில் யானை புகுவதை வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறேன். ‘மிதித்தது’, ‘மிதித்து’ என்று பக்கத்துக்குப் பக்கம் வந்துவிட்டது. படித்துப் பார்த்த தோழி, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது, மாற்று என்றாள். இணையத்தில் தேடி உழக்கியது, துகைத்தது, துவைத்தது, சவட்டியது, நசுக்கியது, துவம்சம் செய்தது என்று இடத்துக்கு ஒன்றாகப் போட்டேன். இப்போது இன்னொரு நண்பர், அகராதியைப் படிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கோபமாகத் தரை அதிர நடப்பதற்குத் தமிழில் தனிச் சொல் உண்டா? கதையின் பின்பாதியில் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மிதிபட்டு இறக்கிறார், அதை எப்படி எழுதுவது? ‘யானை மிதித்து விவசாயி இறந்தார்’ என்று செய்தித்தாளில் போடுகிறார்களே, அது இலக்கணப்படி சரிதானா? கடைசியாக ஒன்று, ‘மிதியடி’ என்றால் செருப்பா, வாசலில் போடுகிற கால்மிதியா?

பதில்:

வணக்கம். கேள்வியோடு கதையையும் அனுப்பியிருந்தீர்கள், நல்லதாயிற்று. வெறும் சொல்லை மட்டும் கேட்டிருந்தால் நானும் இன்னும் நாலு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன், உங்கள் சிக்கல் அப்படியே இருந்திருக்கும்.

உங்கள் தோழியின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, ஏதோ திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் திரும்ப வருவது அந்தச் சொல் இல்லை, அந்தக் காட்சி. யானை வாழையை மிதித்தது, அப்புறம் இன்னொரு வாழையை மிதித்தது, அப்புறம் குழாயை மிதித்தது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே யானை, ஒரே கால், காலுக்கு அடியில் இருந்தது என்ன ஆனது என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. வினைச்சொல்லை மாற்றினால் அது தீராது. இரண்டாவது நண்பர் சொன்னதையும் கேளுங்கள். ஆறு வட்டாரத்திலிருந்தும் ஆறு காலத்திலிருந்தும் வந்த சொற்களை ஒரே தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறீர்கள், அவை ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

முதலில் ‘மிதி’ என்ற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். நீங்கள் அதைப் பாரமான சொல் என்று நினைத்துக்கொண்டு, பாரம் போதவில்லை என்று வேறு சொல் தேடியிருக்கிறீர்கள். உண்மையில் அந்தச் சொல்லுக்குள் பாரமே இல்லை. கல்யாணத்தில் அம்மி மிதிக்கிறார்கள். மாப்பிள்ளை பெண்ணின் காலை மெதுவாக எடுத்து அம்மிமேல் வைக்கிறான், மெட்டி போடுகிறான், அவ்வளவுதான், அதற்குப் பெயரும் மிதித்தல்தான். ‘அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன்’ என்று சண்டை போட்டவர் சொல்கிறார், அங்கே கால் வைப்பது என்பதற்குமேல் எதுவும் இல்லை. மருமகள் வாசல் மிதித்த நேரம் என்று நல்லதுக்கும் சொல்வார்கள், கெட்டதுக்கும் சொல்வார்கள். புருஷன் போன பிறகு தையல் மெஷின் மிதித்துப் பிள்ளைகளை ஆளாக்கினாள் என்கிறோம். டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். குயவர் களிமண்ணை மிதிக்கிறார், மண்சுவர் வைக்கிறவர்கள் புளித்த மண்ணை மிதிக்கிறார்கள், நடவுக்கு முன்னால் வயலில் தழையை மிதித்துச் சேற்றுக்குள் புதைக்கிறார்கள். சங்கப் பாட்டில் வரும் கொல்லனுக்கு ‘மிதியுலைக் கொல்லன்’ என்று பேர், துருத்தியைக் காலால் மிதித்து ஊதியவன். ‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என்று பழமொழி கேட்கிறது. அதே சொல்லைத்தான் யானைக்கும் போடுகிறோம்.

ஆக, மிதி என்பது கால் ஒன்றின்மேல் இறங்கியது, உடம்பின் எடை கொஞ்சமோ நிறையவோ அதில் ஏறியது, இவ்வளவுதான் சொல்கிறது. எவ்வளவு எடை, வேண்டுமென்றா தெரியாமலா, அடியில் இருந்தது பிழைத்ததா செத்ததா என்பதையெல்லாம் சொல்வது பக்கத்தில் நிற்கிற சொற்கள். தமிழ் இப்படித்தான் வேலை செய்கிறது, வினை எளிமையாக இருக்கும், கனம் சுற்றிலும் இருக்கும்.

முன்னால் வருகிறவற்றைப் பாருங்கள். ஏறி மிதித்தான் என்றால் உடம்பு முழுக்க மேலே போய்விட்டது. ஓங்கி மிதித்தான் என்றால் கால் உயர்ந்து இறங்கியது. போட்டு மிதித்தான் என்றால் அடியில் இருப்பவன் ஏற்கெனவே விழுந்துவிட்டான், எழுந்திருக்க வழியில்லை. எட்டி மிதித்தான் என்று ஊர்ப்பக்கம் சொல்லும்போது அது உதைதான், கால் கீழே இறங்கவில்லை, முன்னால் நீண்டது. அடுக்கிச் சொல்வதும் உண்டு, மிதி மிதி என்று மிதித்தார்கள் என்றால் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

பின்னால் வருகிறவை இன்னும் நுணுக்கமானவை. மிதித்துவிட்டான் என்றால் பெரும்பாலும் தெரியாமல் நடந்தது, பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற இடம். மிதித்துத் தள்ளினான் என்றால் கணக்கு வழக்கில்லாமல். மிதித்துக் கொன்றது என்றால் விளைவு வந்துவிட்டது. உங்கள் ஊர்ப்பக்கத்துக்கே உரியதாக ‘போடு’ இருக்கிறது, ‘தோட்டத்தையே மிதிச்சுப்போட்டுதுங்க’ என்று சிறுமுகைக்காரர் சொன்னால் அந்த ‘போட்டு’க்குள் போனது போனதுதான் என்கிற ஆற்றாமை இருக்கிறது. துகைத்ததும் சவட்டியதும் அந்த ஒற்றைத் துணைவினைக்குப் பக்கத்தில் வர முடியாது. உங்கள் கதையில் தோட்டக்காரர் பேசுகிற இடங்கள் இருக்கின்றன, அவர் வாயில் இதை வையுங்கள். இப்போது அவர் ‘யானை பயிர்களைத் துவம்சம் செய்துவிட்டது’ என்று நிருபர் மாதிரிப் பேசுகிறார், அது அவருக்கு நீங்கள் செய்கிற அநியாயம்.

சரி, நீங்கள் தேடி எடுத்த சொற்களுக்கு வருகிறேன். எதுவும் தப்பான சொல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

உழக்கு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சொல். பழைய தமிழில் மிதித்துக் கலக்குவது, உழுவது, வருத்துவது என்று பல பொருள். நடுவில் ஓடுகிற எண்ணம் ஒன்றுதான், அடியில் இருப்பது கிளறப்பட வேண்டும், மேலே இருந்தது கீழே போய்க் கீழே இருந்தது மேலே வர வேண்டும். யானை குளத்துக்குள் இறங்கித் தண்ணீர் சேறாகிறவரை புரண்டால் அது உழக்கல். கல்தரையை யாரும் உழக்க முடியாது. தமிழ்நாட்டில் இந்த வினை பேச்சிலிருந்து கிட்டத்தட்டப் போய்விட்டது, உழக்கு என்றால் ஆழாக்கு இரண்டு கொண்ட அளவு என்றுதான் வயதானவர்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் சைக்கிளை உழக்குகிறார்கள். ‘சைக்கிள் உழக்கிக்கொண்டு போனான்’ என்பது அங்கே சாதாரணப் பேச்சு, நாம் மிதிக்கிற பெடலை அவர்கள் உழக்குகிறார்கள். உங்கள் கதையில் ஈழத்துப் பாத்திரம் ஒருவர் இருந்தால் இந்தச் சொல் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். சிறுமுகை வாழைத்தோட்டத்தில், அதுவும் சொல்லும் குரல் அந்த ஊர்ப் பையனுடையதாக இருக்கும்போது, நிற்காது. ஒரே ஓர் இடத்தில் யோசிக்கலாம், வாய்க்காலில் இறங்கித் தண்ணீரைக் கலக்குகிற காட்சி. அங்கேயும் ‘கலக்கியது’ போதும் என்பது என் கருத்து.

இலங்கையைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. அங்கே வன்னியிலும் மட்டக்களப்பிலும் நெல் கதிரை மாட்டை விட்டோ டிராக்டரை விட்டோ மிதிக்க வைத்து மணி பிரிப்பதைச் ‘சூடு மிதித்தல்’ என்பார்கள், சூடு என்றால் கதிர்க்கட்டுகளை அடுக்கிய குவியல். இங்கே அதே வேலைக்குப் போரடித்தல், பிணையல் ஓட்டுதல். மாட்டின் கால் செய்கிற காரியம் ஒன்றுதான், ஓர் ஊர் காலைப் பார்த்துப் பேர் வைத்தது, ஓர் ஊர் மாடுகளைப் பிணைத்துக் கட்டியதைப் பார்த்துப் பேர் வைத்தது. இந்த மாதிரி இடங்களில் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எழுதுகிறவர் இல்லை, ஊர். தீமிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். வட மாவட்டங்களில் தீ மிதிக்கிறார்கள், சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் தீமிதிதான். மதுரை, ராமநாதபுரம் பக்கம் பூக்குழி இறங்குகிறார்கள். உங்கள் பண்ணாரியில் குண்டம் இறங்குகிறார்கள். பண்ணாரி பக்தர் ஒருவர் ‘தீ மிதித்தேன்’ என்று கதையில் சொன்னால் அந்த ஊர் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

சவட்டு. இது குமரி மாவட்டத்தின் சொத்து. நாஞ்சில் நாட்டில் ‘சவுட்டுனான்’ என்றால் மிதித்தான் என்றும் பொருள், உதைத்தான் என்றும் பொருள், மலையாளத்தில் இன்றைக்கும் மிதிப்பதற்குப் பொதுச் சொல்லே சவிட்டுவதுதான். கொச்சிக் கரையோரம் லத்தீன் கத்தோலிக்கர்களிடம் சவிட்டு நாடகம் என்று ஒரு கலை இருக்கிறது. போர்த்துக்கீசியர் வந்த பிறகு உருவானது, ராஜா வேஷம் போட்டவர்கள் மரப்பலகை மேடையில் கால் அதிர மிதித்து ஆடுவார்கள், பலகை முழங்குவதுதான் அதன் உயிர். அந்த நாடகங்களின் பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் கிடக்கிறது, ஒரு தமிழர் கேட்டால் பாதிக்குமேல் புரியும். இவ்வளவு அழகான சொல்லை எடுத்து வேலிக் கம்பிக்குப் போட்டிருக்கிறீர்கள். ‘யானை வேலியைச் சவட்டியது’ என்று கொங்கு நாட்டில் யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். எடுத்துவிடுங்கள்.

துகைத்தல் ஏட்டில் மட்டும் இருக்கிறது. மிதித்துத் துகளாக்குவது, இடித்து நொறுக்குவது என்று பொருள், போர்க்களத்தில் யானை வருகிற பழைய செய்யுளுக்குப் பொருந்தும். இன்றைய உரைநடையில் போட்டால் வாசகர் யானையை விட்டுவிட்டுச் சொல்லைப் பார்ப்பார்.

துவைத்தலுக்கு வேறு கஷ்டம். பழைய பொருள் மிதித்தல், இடித்தல், அரைத்தல் எல்லாவற்றையும் தொடும், துவையல் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இன்று துவைத்தல் என்றால் துணி. ‘யானை வாழையைத் துவைத்தது’ என்று எழுதினால் கல்லில் அடித்து அலசுகிற படம்தான் வரும். மிதித்துத் துவைத்துவிட்டது என்று மிதியோடு சேர்த்தால் சரியாகிவிடும், பேச்சில் அப்படித்தான் வருகிறது.

நசுக்குதலுக்குக் கால் தேவையே இல்லை. விரலால் நசுக்கலாம், கதவிடுக்கில் நசுங்கலாம், பூண்டை நசுக்கிப் போடலாம். மிதித்தல் செயல், நசுங்கல் அதன் விளைவு, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் முழுசு, ‘மிதித்ததில் நசுங்கிப்போனது’. இன்னொன்றையும் கவனியுங்கள், நசுங்க ஒரு வடிவம் வேண்டும், தகர டப்பா நசுங்கும், கரப்பான் நசுங்கும், மணல் நசுங்காது.

துவம்சம் என்பதற்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லை, அழிவு என்பதற்கான வடசொல். யானைச் செய்தி வந்தாலே அதைப் போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எந்த அழிவு என்று சொல்லாமலே வேலையை முடித்துக்கொள்ள அது உதவுகிறது, நேரமில்லாத செய்தி மேசைக்குச் சரி. கதை எழுதுகிறவருக்கு அது வேண்டாம், அந்த அழிவைக் காட்டத்தானே கதை எழுதுகிறீர்கள்.

உதைக்கும் மிதிக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், கதையில் ஓர் இடத்தில் குழம்பியிருக்கிறது. மிதித்தால் கால் அந்தப் பொருளின்மேல் கொஞ்ச நேரமாவது தங்கும், உதைத்தால் பட்டதும் திரும்பிவிடும். அதனால்தான் பைக்கின் கிக்கரை அழுத்துவது கீழ்நோக்கித்தான் என்றாலும் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்கிறோம், கிளட்சைப் போய் உதைப்பதில்லை. உங்கள் கதையில் யானை பம்புசெட் அறையின் கதவை ‘மிதித்துத் திறந்தது’. நிற்கிற கதவை எப்படி மிதிக்கும்? முட்டித் திறந்தது, இல்லை உதைத்துத் திறந்தது. யானை பெரும்பாலும் முட்டும்.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே வரிசையில் உங்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஈராயிரம் வருஷத்துச் சொற்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறது, பழைய நூலை வாசிக்க அதைவிட நல்ல துணை இல்லை. இணையத்தில் புழங்குகிற சொற்பட்டியல்கள் பலவும் அங்கிருந்து பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மேற்கோளை விட்டுவிடுகின்றன, அதனால் எந்தச் சொல் இன்று உயிரோடு இருக்கிறது என்று தெரிவதில்லை. எழுதுகிறவர் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2020இல் மூன்றாம் பதிப்பு, சொல்லுக்குப் பக்கத்தில் இன்றைய எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்திருப்பார்கள். அதில் ஒரு சொல் இல்லையென்றால் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஏன் போடுகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் நல்லது.

இனி அந்தப் பத்தி. நீங்கள் எழுதியது இப்படி இருக்கிறது: ‘யானை வேலியைச் சவட்டியது. வாழைகளைத் துகைத்தது. குலைகளை நசுக்கித் தோட்டத்தைத் துவம்சம் செய்தது.’ இதில் ஒரு வாழைகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் இப்படித் திருத்திப் பார்த்தேன்:

‘வேலிக் கல்லைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தது. முதல் வரிசையில் இரண்டு வாழையை நெற்றியால் முட்டித் தள்ளியது. சாய்ந்ததில் ஒன்றை ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு தும்பிக்கையால் மட்டையை உரித்தது, வெள்ளைத் தண்டு வெளியே வந்ததும் முறித்துத் தின்றது. குலை தள்ளிய மரமா, கன்றா என்று அது பார்க்கவில்லை. சொட்டுநீர்க் குழாய் காலில் சிக்கி நீளத்துக்கும் பிய்ந்து வந்தது. விடிந்து பார்த்தபோது அந்த மூலையில் மட்டையும் நாரும் சேறும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன, எது எங்கே நின்றது என்று அப்பாவுக்கே தெரியவில்லை.’

மிதி ஒரே ஒரு இடத்தில்தான் வந்திருக்கிறது. அதை நான் எண்ணிக் குறைக்கவில்லை. யானை உண்மையில் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் முட்டுகிறது, உரிக்கிறது, முறிக்கிறது, தின்கிறது, மிதிப்பது அதில் ஒரு வேலைதான். மறுபடியும் இரண்டு இடத்தில் ‘மிதித்தது’ என்று வந்தாலும் வரட்டும், பயப்படாதீர்கள்.

இன்னொரு திருத்தம், இது சொல்லைப் பற்றியது மட்டும் இல்லை. யானை வரும்போது ‘தொம் தொம்’ என்று சத்தம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். யானையின் பாதத்துக்குள் எலும்புக்கு அடியில் கொழுப்பும் நாரும் சேர்ந்த தடித்த மெத்தை இருக்கிறது, கால் ஊன்றும்போது அது விரிந்து எடையைப் பரப்பிக்கொள்கிறது. 3, 4 டன் உடம்பு பக்கத்தில் வந்து நிற்கிறவரை தெரியாமல் இருப்பது அதனால்தான். காட்டோரத்துத் தோட்டக்காரர்களுக்கு முதலில் கேட்பது வாழை முறிகிற சத்தம், இல்லை நாய் குலைக்கிற சத்தம். உங்கள் கதைக்கு அதுதான் பயம், அந்த மௌனத்தை விட்டுவிடாதீர்கள்.

கோபமாக நடப்பதற்குத் தனி வினை தேட வேண்டாம். தமிழுக்கு அதற்கு வேறு வழி இருக்கிறது, ஒலிக்குறிப்பு. தடதடவென்று மாடிப்படி இறங்கினான், தொப்புதொப்பென்று நடந்து வந்தார், திமுதிமுவென்று கூட்டம் உள்ளே நுழைந்தது, சருகு சரக் சரக் என்றது, சேற்றில் சதக்கென்று கால் போனது. நட, இறங்கு, நுழை எல்லாமே பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த வினைகள், எப்படி என்பதை ஒலி சொல்லிவிடுகிறது. வீடு அதிர நடந்தாள் என்றால் கோபம் வந்துவிட்டது, ‘கோபமாக’ என்று தனியே எழுதத் தேவையில்லை. குழந்தை என்றால் காலை உதைத்துக்கொண்டு அழும். நடனம் என்றால் தட்டுவார்கள், தட்டடவு என்ற பேரிலேயே அது இருக்கிறது. பாதம் முழுசாகத் தரையில் அறைந்தாலும் பரத ஆசிரியர் மிதி என்று சொல்வதில்லை, அங்கே தரைக்கு ஒன்றும் ஆவதில்லை, ஒலிதான் முக்கியம். உங்கள் கதையில் பெரியப்பா ‘தரையை மிதித்து மிதித்து’ வெளியேறுகிற வரிக்கு ‘திண்ணை அதிர இறங்கிப் போனார்’ போதும்.

தெரியாமல் கால் படுகிற விஷயத்தையும் சேர்த்தே சொல்கிறேன். புத்தகம், சோறு, பெரியவர்கள், இவற்றின்மேல் தெரியாமல் கால் பட்டால் தமிழர்கள் ‘மிதித்துவிட்டேன்’ என்று சொல்லத் தயங்குவார்கள், ‘கால் பட்டுவிட்டது’ என்று சொல்லித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கதையில் அந்தப் பையன் தாத்தாவின் நோட்டை ‘மிதித்துவிட்டான்’ என்கிறீர்கள், அவன் பதறுகிறான் என்றால் ‘கால் பட்டுவிட்டது’தான் சரி. முள்ளும் இப்படித்தான், ‘முள்ளை மிதித்தான்’ என்பதைவிட ‘முள் குத்திவிட்டது’, ‘முள் ஏறிவிட்டது’ என்பதே பேச்சு. சாணியை மட்டும் மிதித்துவிட்டேன் என்றே சொல்வோம்.

திருவிழாக் காட்சிக்கு வருகிறேன், இதில்தான் உங்களிடம் கொஞ்சம் அழுத்தமாகப் பேச விரும்புகிறேன். பெரியவர் கூட்டத்தில் ‘மிதிபட்டு இறந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டச் சாவுகளில் பெரும்பாலானவை மிதிபட்டு வருவதில்லை. நாலாபக்கமும் உடம்புகள் அழுத்தும்போது நெஞ்சு விரிய இடமில்லாமல் போகிறது, மூச்சை இழுக்க முடியாது, நின்றபடியே உயிர் போகிறது. கீழே விழுந்தவர்களுக்கும் பெரும்பாலும் மேலே விழுந்தவர்களின் பாரம்தான் எமன். தமிழில் இதற்குச் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது, நெரிதல். கூட்ட நெரிசல் என்று தினமும் சொல்லிச் சொல்லி அதற்குள் இருக்கிற கழுத்தை நெரிக்கிற ‘நெரி’யை மறந்துவிட்டோம். மிதிபட்டு என்று எழுதினால், பின்னால் வந்தவர்கள் ஈவிரக்கமில்லாமல் ஏறிப்போனார்கள் என்று ஆகிவிடுகிறது, பழி கூட்டத்தின்மேல் போகிறது. நெரிபட்டு என்று எழுதினால், அந்தத் தெருவுக்குள் அவ்வளவு பேரை விட்டது யார், வெளியேற வழி ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி வருகிறது. உங்கள் கதையில் பந்தல் வழி ஒன்றுதான் என்று முன்னாடியே சொல்லி வைத்திருக்கிறீர்கள், ஆகவே அந்தக் கேள்வி உங்களுக்கு வேண்டும். ‘நெரிசலில் மூச்சுமுட்டி இறந்தார்’ என்று மாற்றுங்கள், முடிந்தால் அவர் கை மேலே தூக்கியபடி நின்றதையும், கூட்டம் விலகிய பிறகுதான் உடம்பு சரிந்ததையும் காட்டுங்கள். அவருடைய செருப்பும் விபூதிப் பையும் மிதிபட்டுக் கிடந்தன என்று ‘மிதிபட்டு’வை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

‘யானை மிதித்து விவசாயி இறந்தார்’ சரியான வாக்கியம். மிதித்தது யானை, இறந்தவர் விவசாயி, ‘மிதித்து’ மாதிரி ‘செய்து’ என்னும் வடிவில் வருகிற வினையெச்சத்துக்கும் அதை முடிக்கிற வினைக்கும் எழுவாய் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, நியாயமான சந்தேகம்தான். பொது விதி அதுதான். ஆனால் ஒன்று காரணமாகி இன்னொன்று நடக்கும்போது எழுவாய் மாறி வருவது நெடுங்கால வழக்கு, மழை பெய்து குளம் நிறைந்தது என்கிறோம். உரையாசிரியர்கள் ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்ற உதாரணத்தைக் காட்டி, இது ‘ஞாயிறு பட வந்தான்’ என்பதன் திரிபு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன கோழிப் பழமொழியும் இதே அமைப்புதான், மிதிப்பது கோழி, முடமாவது குஞ்சு. ஆகவே ‘யானையால் மிதிக்கப்பட்டு விவசாயி இறந்தார்’ என்று இழுக்கத் தேவையில்லை. செயப்பாட்டுவினை வேண்டுமென்றாலும் ‘மிதிக்கப்பட்டு’வைவிட ‘மிதிபட்டு’ நன்றாக இருக்கிறது. தலைப்பில் வருகிற ‘பலி’ என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது, செத்தவர் யாருக்கும் பலி கொடுக்கப்பட்டவர் இல்லை, உங்கள் கதையில் வரும் செய்தித் துணுக்கிலாவது ‘இறந்தார்’ என்றே போடுங்கள்.

எழுத்துப்பிழை என்று பார்த்தால் சில இடங்கள்தான். மிதித்துத் தள்ளியது, மிதித்துக் கொன்றது, மிதித்துப் போட்டது, இவற்றில் ஒற்று மிகும், நீங்கள் விட்டிருக்கிறீர்கள். மிதிவண்டி, மிதிகட்டை வினைத்தொகை, மிகாது. மிதிபட்டது ஒரே சொல். தெரியாமல் நடந்ததைச் சொல்லும்போது ‘மிதித்துவிட்டது’ என்று சேர்த்து எழுதுங்கள், ‘மிதித்து விட்டது’ என்று பிரித்தால் மிதித்த பிறகு விட்டுவிட்டது என்று படிக்க இடம் வரும், யானை ஆளை விட்டுவிட்டுப் போகிற காட்சி உங்கள் கதையிலேயே இருப்பதால் இந்த இடைவெளி முக்கியம்.

மிதியடிக்கு அகராதியில் காலணி என்றுதான் பொருள், முக்கியமாக மரத்தில் செய்த பாதக்குறடு. இன்று கடையில் மிதியடி என்று கேட்டால் வாசலில் போடுகிற விரிப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் கதை நடப்பது இந்தக் காலம் என்பதால் பெரியவர் காலில் கிடப்பதைச் ‘செருப்பு’ என்றே எழுதிவிடுங்கள்.